பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் அன்னதானம் செய்கிற பத்துப் பேர் நாங்கள். ஜமாஅத்திலும் சர்ச்சிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு வருடமாகப் படுத்திருக்கும் ஒருவருக்கு தினமும் யாராவது சாப்பாடு கொடுத்துவிடுகிறோம். வயது ஐம்பது இருக்கும். ராத்திரி முழுக்க இருமுகிறார். போன வாரம், "எனக்கு ஒரு ரூம் பிடிச்சுக் குடுங்க" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கோயில், பள்ளிவாசல், சர்ச் மாதிரி இடங்களால் ஒரு ஆளைத் தெருவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்:

முடியும் தம்பி. முடிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முடியாமல் போனதை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அதனால் எது எங்கே சிக்கும் என்பதைத்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன். நான் பிறந்தது கீழக்கரையில், முஸ்லிம் குடும்பத்தில். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்தில், சமூகப் பணியாளராக. அந்த வேலையில் பாதிப் பொழுது கழிந்தது ராமேஸ்வரம் கோயில் வாசலிலும் அக்னி தீர்த்தக் கரையிலும். மூன்று வீட்டுச் சோறும் தின்றவள் என்பதால் மூன்று வீட்டுக் குறையும் கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் உங்களிடம் ரூம் கேட்டிருக்கிறார். அந்த வழியாக தினமும் நூறு பேர் போகிறார்கள், அவர்களிடம் கேட்கவில்லை. ஒரு வருடம் சோறு போட்டதால்தான் இந்தக் கேள்வி உங்களிடம் வந்தது. ஆகவே, "சும்மா சோறு போட்டு ஆளைக் கெடுக்கிறீங்க" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதே சமயம், இன்னும் பத்து வருடம் சோறு போட்டாலும் அவர் அங்கேயேதான் இருப்பார் என்பதும் உண்மை.

நம் கரைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வழிப்போக்கரைத் தாங்கிப் பழகிய கரை இது. சேதுபதிகளும் தஞ்சை மராத்திய மன்னர்களும் சேதுவுக்கு வரும் வழி நெடுக சத்திரம் கட்டிவைத்தார்கள். இன்றைக்கும் ராமேஸ்வரம் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. ஜகாத் என்ற கட்டாயத் தானத்தைப் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் சொல்லும் 8 வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஓரியூர் அருளானந்தர் சர்ச் திருவிழாவுக்குப் போய் மணலில் பாய் விரித்தால் யாரும் எழுப்பமாட்டார்கள். இதெல்லாம் வந்துவிட்டுப் போகிறவருக்காக உண்டான ஏற்பாடு. வந்தவர் போகவில்லை என்றால் என்ன செய்வது என்று நமக்குப் பழக்கமில்லை. நாலு நாள் இருந்தால் விசாரிப்போம். நாலு மாதம் இருந்தால் தூணோடு தூணாகிவிடுவார்.

அரசாங்கக் கணக்கிலேயே இது இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி வீடற்றவர்களை எண்ணினார்கள். நடைபாதை, பாலத்தடி, ரயில்வே பிளாட்பாரம் என்று எங்கெல்லாம் தேட வேண்டும் எனச் சொன்ன வரிசையில் வழிபாட்டு இடங்களும் மண்டபங்களும் உண்டு. நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. ராமேஸ்வரம் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். எங்கே இறங்குவது என்று தெரியாதவர்களும் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபத்திலும் ராமநாதபுரத்திலுமே வண்டிகள் நின்றுவிட்டன. அந்த நாட்களில் உங்கள் ஊர் ஸ்டேஷனில் புது முகங்கள் கூடியதை நீங்களே கவனித்திருக்கலாம்.

படுத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. காவி கட்டி, சொம்பும் திருவோடுமாக, தானே விரும்பி இருக்கும் பரதேசி ஒருவகை. அவருக்கு வீடு தேடிக்கொண்டு போகாதீர்கள், திட்டு வாங்குவீர்கள். அமாவாசைக் கூட்டத்தில் விட்டுவிட்டுப் போகப்பட்ட வயதானவர்கள் இன்னொரு வகை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் கோயில் வாசலில் அப்படி ஒரு அம்மாவாவது இருப்பார். குடியிலும் கடனிலும் வீட்டைவிட்டு வந்த ஆண்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆள் அந்த வகையாகத்தான் எனக்குப் படுகிறது. அப்புறம் மனநிலை சரியில்லாமல் அலைகிறவர்கள். இந்தக் கடைசி வகையைப் பற்றி ஏர்வாடியை நினைக்காமல் பேச முடியாது.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநோய் தீர வேண்டி ஆட்களைக் கூட்டிவரும் இடம் ஏர்வாடி தர்கா. அதைச் சுற்றியிருந்த காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. ஏர்வாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். என் உம்மா நேர்ச்சைக்குப் போகிற இடம்.

அதற்குப் பிறகு எல்லோரும் நம்பிக்கையைத் திட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நம்பிக்கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தாய், குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை கூடவே தங்கியிருந்தாள். கெட்டது எங்கே தொடங்கியது என்றால், "நீங்க போங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்ன இடத்தில். உறவை அனுப்பிவிட்டால் உள்ளே இருப்பவரை விசாரிக்க யாரும் இல்லை. விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் சங்கிலி வந்துவிடும், அது எந்த மதத்து இடமாக இருந்தாலும்.

இன்றைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, எந்த வகையிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. 100-வது பிரிவுப்படி, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை போட்டு, குடும்பத்தைத் தேடவும் வேண்டும். ஸ்டேஷனில் இதைத் தெரியாதது போலப் பேசினால், பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். குரல் மாறும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எப்போது அழைத்தாலும் தமிழில் பேசலாம். ஏர்வாடியிலேயே இப்போது 'தவா - துஆ' என்று, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த ஏற்பாடு இருக்கிறது. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் செய்து பார்த்த முறை. தர்காவுக்கு வருகிறவரிடம் "இதை விடு, அதைப் பிடி" என்று சொல்வதில்லை. துஆவும் ஓதிக்கொள், மாத்திரையும் போட்டுக்கொள், அவ்வளவுதான். மத நம்பிக்கையை வைத்து உதவி செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். அவர் தெளிவாகப் பேசுகிறார், ரூம் கேட்கிறார். இதே மாதிரி ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

பாம்பன் பக்கம் ஒரு சர்ச்சின் வராந்தாவில் ஒரு கொத்தனார் இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். குடி, வீட்டில் சண்டை, எங்கோ வண்டி ஏறி இங்கே இறங்கியவர். இரண்டு வருடம் அந்த வராந்தாதான். ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் பொட்டலம் கொடுப்பார்கள், பழைய சட்டை கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று மூன்று பிரியாணிப் பொட்டலம். மறுநாள் ஒன்றும் இருக்காது. அவரைக் "கொத்தனாரு" என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது.

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு சர்ச்சைச் சேர்ந்த மக்கள் கூட்டத்தில், அன்பியம் என்று ஒன்று உண்டு. ஒரு தெருவிலோ இரண்டு தெருவிலோ உள்ள குடும்பங்கள் சேர்ந்த குழு. அந்த அன்பியத்துப் பெண்கள், நண்டு வலை பிரிக்கிறவர்கள், ஒரு முடிவு செய்தார்கள். பொட்டலத்தை நிறுத்திவிட்டு, முறை வைத்து வீட்டில் சாப்பாடு. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தட்டில். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் பொட்டலத்துக்கும் தட்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. தட்டில் சாப்பிட வருகிறவர் கை கழுவ வேண்டும், ஒரு நேரத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஒரு மாதத்தில் அவர் பெயர், ஊர், பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் எல்லாம் அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் முருக பக்தர். கழுத்தில் மாலையோடு சர்ச் தெருவில் ஆறு நாளும் சாப்பிட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கை நடுக்கம் இருந்ததால் கொத்து வேலைக்குத் திரும்ப முடியவில்லை. ஐஸ் பிளான்ட்டில், பாளத்தை உடைத்து மீன் பெட்டியில் அள்ளிப்போடும் வேலை கிடைத்தது. அன்றாடக் கூலி அன்றன்றைக்குக் கையில் வந்தால் அன்றன்றைக்கே கடைக்குப் போய்விடும். இதை அவரே சொன்னார். அதனால் முதலாளியிடம் பேசி வாரச் சம்பளமாக்கி, அதில் பாதியை அன்பியத்தில் ஓர் அக்காவிடம் கொடுத்துவைத்தார். அந்த அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, ஒவ்வொரு வாரமும் அவரிடம் கையெழுத்து வாங்குவார். இந்த நோட்டு முக்கியம். அடுத்தவர் காசைப் பிடித்துவைக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நோட்டு வேண்டும். நான் பார்த்த ஓர் இடத்தில் நோட்டு இல்லாமல், நல்லவர் ஒருவரே திருடன் பட்டம் வாங்கினார்.

அப்புறம் ரூம். ஐந்து வீடு கேட்டோம். ஐந்து பேரும் இல்லை என்றார்கள். 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதை நம் கரையில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சிக்கல் பணத்தில் இல்லை. ஆறாவது வீட்டுக்கார அம்மா வெளிப்படையாகக் கேட்டுவிட்டார்: "ராத்திரி செத்துக் கித்துப் போனா யாரு தூக்குறது?"

யோசித்துப் பாருங்கள், நியாயமான கேள்வி. தனி ஆள், வெளியூர், குடித்தவர். நாளைக்கு ஒன்று என்றால் போலீஸ், பஞ்சாயத்து, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் அந்த அம்மா தலையில். இந்தக் கேள்விக்கு எந்த அரசாங்கத் திட்டமும் பதில் சொல்லாது. அன்றைக்கு எங்களோடு வந்த நண்டு வலைக்கார அக்கா ஒருவர் பதில் சொன்னார்: "நாங்க தூக்குறோம். வாடகை நின்னாலும் எங்களக் கேளுங்க." அதற்கு மேல் பேச்சே இல்லை. சாவி வந்துவிட்டது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த வாசலில்தான் இருக்கிறது. சோறு, துணி, பணம் எல்லாம் யாராலும் கொடுக்க முடியும். "இந்த ஆளுக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஊருக்குள் நின்று சொல்லி, அதை மற்றவர்கள் நம்பும்படி இருப்பது ஜமாஅத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் பங்குக்கும்தான் முடியும். நம் ஊர்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நிற்பவர்கள் அவர்கள்தானே. ஊர்வரி கொடுக்காதவன், ஜமாஅத்தில் பெயர் இல்லாதவன், பங்கில் சேராதவன் இந்தக் கரையில் ஆளே இல்லை. இதைக் குறையாகவும் சொல்லலாம், நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் இருக்கிற வழக்கத்தை நல்லதுக்கும் திருப்பலாம்.

இது இத்தோடு முடிந்த கதை இல்லை. ஐந்து மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகு இல்லையென்றால் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லையென்றால் கூலி இல்லை. மீனவக் குடும்பங்களுக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம், வெளியூரிலிருந்து வந்த ஐஸ் உடைக்கும் கூலிக்காரருக்கு வராது. மே மாதம் இரண்டாவது வாரம் மறுபடி குடித்துவிட்டு, பழைய வராந்தாவில் படுத்திருந்தார். வெட்கம், ரூமுக்குப் போக மனசு வரவில்லை. அன்பியத்துக்குள் பெரிய சண்டை. பாதிப் பேர், "செஞ்சது போதும்" என்றார்கள். மீதிப் பேர் இரண்டு மாத வாடகையைக் கட்டி ரூமை அப்படியே வைத்திருந்தார்கள். அதுதான் அவரைக் காப்பாற்றியது. ஜூன் கடைசியில் திரும்பி வந்தபோது பூட்டும் அதேதான், பாயும் அதேதான். ரூமை விட்டிருந்தால் அதுவரை செய்த வேலை எல்லாம் முதலிலிருந்து. குடியை நிறுத்தினால்தான் வீடு என்று நிபந்தனை போடுகிறவர்கள் உண்டு. 1992-ல் நியூயார்க்கில், முதலில் வீட்டைக் கொடு, மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருந்துகொண்டு சரி செய்துகொள்ளட்டும் என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். அந்த நண்டு வலை அக்காமார்களுக்கு நியூயார்க் தெரியாது. செய்தது அதைத்தான்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை. தானப் பணம் வரும் மாதமும் கூலி நிற்கும் மாதமும் ஒன்றாக வருவதில்லை. ஜகாத் பெரும்பாலும் ரமலானில் வரும், சர்ச்சுக்கு டிசம்பரில் வரும், கோயிலுக்குத் திருவிழாவில் வரும். கூலி நிற்பது மே மாதத்திலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும். ஆகவே வரும்போதே கொஞ்சம் எடுத்து, தடைக்காலத்துக்கு என்று தனியாக வையுங்கள். பத்துப் பேர் ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் 3,000. ஒருவருக்கு ஓர் ஓட்டு வீட்டு அறையின் வாடகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கீழக்கரையில் பைத்துல்மால் என்று பொது நிதி வைத்து உதவும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அதில் கடன் கேட்டால் வட்டி கிடையாது, ஆனால் ஜாமீன் ஆள் கேட்பார்கள். பாருங்கள், அங்கேயும் பணத்துக்கு முன்னால் பொறுப்புதான்.

அடுத்தது காகிதம். அவரிடம் ஆதார் இல்லை என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள், தொலைந்திருக்கும், அவ்வளவுதான். புதிதாகப் பதியப் போனால் கைரேகை பழைய பதிவோடு பொருந்தி, "ஏற்கனவே இருக்கிறது" என்று திரும்பி வரும். அதில் பலர் சோர்ந்துவிடுவார்கள். எனக்கு அது நல்ல செய்தி. பழைய பதிவில் பெயரும் ஊரும் இருக்கும். இப்படியே குடும்பம் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரோ ஊராட்சித் தலைவரோ ஆதார் ஆணையத்தின் படிவத்தில் கையெழுத்திட்டு முகவரிச் சான்று கொடுக்கலாம். வாக்காளர் பட்டியலுக்கு வீடே தேவையில்லை. வீடற்றவர் மனு கொடுத்தால், சொன்ன இடத்தில் அவர் நிஜமாகவே படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பஸ் ஸ்டாண்டே முகவரி என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிற இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ரேஷன் கார்டு ரூம் வந்த பிறகு. தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஒரு அடுப்பாவது வாங்கிவையுங்கள். அறுபது வயது ஆனவராக இருந்தால் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்க்கு மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போங்கள், சட்டைப் பையில் பேனாவோடு.

குடும்பத்தைத் தேடுவதில் நம் கரைக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அக்னி தீர்த்தக் கரையில் ஒரு பெண் இருந்தார். பேசுவது யாருக்கும் புரியாது. பைத்தியம் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு என்னவோ அது ஏதோ ஒரு பாஷை மாதிரிதான் பட்டது. ராமேஸ்வரத்தில் பாஷைக்கா பஞ்சம்? காலையில் நீராட வருகிற யாத்திரைக் கூட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டோம். மூன்றாவது கூட்டம் ஒடிசாக்காரர்கள். அதில் ஒரு பாட்டி அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார், இருவருமே அழுதார்கள். ஊர் பெயர் கிடைத்தது. மூன்று வாரத்தில் அண்ணன் வந்தார். ஆனால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவது நல்லது என்று நினைக்காதீர்கள். அடி வாங்கி ஓடிவந்த பெண்ணை அதே வீட்டில் கொண்டுபோய் விட்ட பாவமும் எங்கள் கணக்கில் ஒன்று இருக்கிறது. "போகணுமா?" என்று தனியாகக் கேளுங்கள். பெண்கள் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக 181-க்கும், குழந்தைகள் என்றால் 1098-க்கும் சொல்லிவிடுங்கள், உங்கள் வீட்டில் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களில் யாராவது இந்நேரம், "நாமே ஒரு இல்லம் ஆரம்பிச்சா என்ன?" என்று சொல்லியிருப்பார். எப்போதும் ஒருவர் சொல்வார். வேண்டாம். பெண்கள், குழந்தைகளுக்கான இல்லம் என்றால் 2014-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். மனநோயாளிகளைத் தங்கவைத்தால் மனநலச் சட்டப்படி பதிவு வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இல்லம் என்று கட்டிவிட்டால் அதை நிரப்ப ஆள் தேடுவீர்கள், அப்புறம் அதை நடத்தப் பணம் தேடுவீர்கள், ஆளை மறந்துவிடுவீர்கள். மனநோயோடு தெருவில் அலையும் பெண்களுக்காகச் சென்னையில் 1993-ல் தொடங்கிய பேனியன் அமைப்பே, பெரிய இல்லம் வைத்திருந்தவர்கள், நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழவைக்கும் ஏற்பாட்டுக்குப் பிறகு வந்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு ரூம் என்று நீங்கள் தொடங்குங்கள். அது நிலைத்தால் இரண்டாவது ஆள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. சோற்றுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்கவைத்த இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். நெற்றியில் விபூதி பூசினால்தான் இலை போடுவோம் என்ற இடத்தையும், "நம்மாளா?" என்று பார்த்துப் பார்த்து ஜகாத்தைப் பிரித்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். பசித்தவன் எதற்கும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலைப் பக்தி என்று எழுதிக்கொள்வது நமக்குத்தான் அசிங்கம். போட்டோவும் அப்படித்தான். அவர் முகம் உங்கள் ஸ்டேட்டஸில் வந்தால், சொந்த ஊரில் அவர் மகள் பார்க்க நேரும்.

அதற்காகச் சாமியைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. பலருக்கு அது வேண்டும். நம்மைவிட அவர்களுக்கு அதிகம் வேண்டும். அந்தக் கொத்தனார் பங்குனி உத்திரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது பஸ் காசு கொடுத்தது பங்குச் சாமியார்தான். கோயிலில், பள்ளிவாசலில் ஒரு சின்னப் பொறுப்பு கொடுங்கள். செருப்புப் பார்த்துக்கொள்வது, தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவும் ஹவுள் தொட்டியைச் சுத்தம் செய்வது, அன்னதானத்தில் பந்தி பரிமாறுவது. வாங்கிய கை பரிமாறினால் முதுகு நிமிரும். ஆனால் அது தினசரி வேலை என்றால் கூலி கொடுங்கள். "சாமி காரியம்" என்று சொல்லி ஓசியில் வேலை வாங்காதீர்கள்.

இந்த வாரம் நீங்கள் என்ன செய்வது? பத்துப் பேரும் போய் அவரைச் சூழ்ந்துகொள்ள வேண்டாம். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கர்களான வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீடு சந்திக்க இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். அந்த முறை நல்லது. ஒருவர் பேச, ஒருவர் கவனிக்க. எப்போதும் அதே இரண்டு பேர் போங்கள். பெயர் கேளுங்கள். ரூமுக்கு, "பாக்குறோம்" என்று இழுக்காமல், "மூணு மாசத்துல முயற்சி பண்றோம், கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் பொய்யை ரொம்பக் கேட்டிருப்பார்.

அதற்கும் முன்னால் அந்த இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார் என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் என்று உறுதியானால் சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், அதற்குக் கணக்கு வேண்டும் என்பதால் காகித வேலையும் கூடவே நகரும். குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தவறக் கூடாது; அதை தினமும் பார்த்துக்கொள்ள சாப்பாடு கொண்டுபோகும் ஆளைவிடப் பொருத்தமானவர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கூடப் படுத்திருப்பவர்களுக்கும் இருமல் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போங்கள், விடியற்காலைச் சளிதான் நன்றாக இருக்கும். டீ அப்புறம் வாங்கிக் கொடுக்கலாம்.